கண்ணாடி கேட்டு வந்த பிள்ளைகள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



 இந்தக் கூடுகையில் வழக்கமாகக் கண் முகாம்களைப் பற்றியும், கட்டட வேலையைப் பற்றியும் சொல்லுவோம். அவையெல்லாம் உங்கள் கையிலுள்ள ஆண்டறிக்கையில் இருக்கின்றன. இன்று ஒரே ஒரு காணிக்கையைக் குறித்துப் பேச அனுமதி கேட்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் சேர்த்து எங்களுக்கு ஒரு தொகை அனுப்பினார்கள். வாசிக்கக் கஷ்டப்படும் ஏழைப் பிள்ளைகளுக்கு வர்ணக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கும்படி அதோடு ஒரு கடிதமும் வந்தது. நாங்கள் அந்தக் கண்ணாடியை வாங்கவில்லை. பணத்தை வேறொரு காரியத்துக்குச் செலவிடலாமா என்று கேட்டு எழுதினோம். அதில் சிலருக்கு மனவருத்தம். கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் கொடுக்கிறவருக்குப் பாடம் சொல்லுகிறார்களே என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டோம். அவர் கேட்டது நியாயந்தான். கடிதத்தில் நாலு வரியில் சொல்லக்கூடிய பதிலாக இல்லாதபடியால், இங்கே நேரில் சொல்லுகிறோம்.

எங்கள் கண் பிரிவுக்கு ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பையனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரன். கடையில் சாமான் வாங்கினால் மீதிச் சில்லறையைக் கடைக்காரருக்கு முன்னே சொல்லிவிடுவான். ஆனால் தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியைக் கடக்க ஐந்து நிமிஷம். ஆங்கிலம் அதைவிட மோசம். அந்தத் தாயின் கைப்பையில் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. இரண்டும் வேறு வேறு இடங்களில் வாங்கியவை. ஒன்று, கம்மலை அடகு வைத்து வாங்கியது. எங்கள் டாக்டரம்மா நிதானமாகப் பரிசோதித்தார்கள். மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். தூரத்திலும் கிட்டத்திலும் வாசிப்புப் பலகையைக் காட்டினார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்றும் பார்த்தார்கள். பார்வை 6/6. "அம்மா, தம்பியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்றார்கள்.

நல்ல செய்திதானே? ஆனால் அந்தத் தாய் அழ ஆரம்பித்துவிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சிற்றாலயத்தின் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் கேட்ட கேள்வியை மறக்க முடியவில்லை. "அப்போ அவங்க அப்பா சொல்றது சரிதானாய்யா? இவன் வேணும்னேதான் படிக்க மாட்டேங்கிறானா?"

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இப்படித்தான், யாருடைய குற்றம் என்று முதலில் கேட்டார்கள். கண்ணில் குற்றம் இல்லையென்றால் பிள்ளையில்தான் குற்றம் என்று ஒரு தகப்பன் முடிவு செய்கிறார், பிரம்பை எடுக்கிறார். கண்ணாடி இருக்கும்வரை அந்தப் பையன் தப்பினான். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, நாங்கள் அவனை அடிக்குத் தப்பவிடாமல் செய்துவிட்டோம். மூன்றாவது ஒரு பதில் இருக்கிறது என்பதை அன்று அந்தத் தாய்க்குத் தெளிவாகச் சொல்ல எங்களுக்கே தெரியவில்லை. பிறகு டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து கேட்டும், புத்தகங்களை வாசித்தும் கற்றுக்கொண்டதையே உங்களுக்கு முன் வைக்கிறோம்.

வாசிக்கும்போது கண் என்ன செய்கிறது? வரியின்மேல் சீராக வழுக்கிக்கொண்டு போகிறது என்றே நாம் நினைக்கிறோம். பாரிஸ் நகரத்துக் கண் மருத்துவரான ஜவால் 1879-ல் இதைக் குறித்து எழுதினார். கண் வழுக்குவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் ஏறக்குறைய கால் வினாடி நிற்கிறது. நிற்கும்போதுதான் எழுத்தைப் பிடிக்கிறது. விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய இடத்தில் மாத்திரமே எழுத்து கூர்மையாகத் தெரியும். ஆகவே ஒரு நிறுத்தத்தில் சில எழுத்துகளுக்குமேல் தெளிவாகக் காண முடியாது. சரளமாக வாசிக்கிறவர்களின் கண்கூட இடையிடையே பின்னோக்கித் தாவும். உங்கள் கண்ணும் எங்கள் கண்ணும் இப்படித்தான்.

டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையின் கண்ணைக் கருவி வைத்துப் பார்த்தால் நிறுத்தங்கள் அதிகம், நிற்கும் நேரம் அதிகம், பின்னோக்கிய தாவல்களும் அதிகம். இதைப் பார்த்த பலர், கண் தடுமாறுகிறது, அதைப் பழக்கினால் வாசிப்பு சரியாகும் என்று நினைத்தார்கள். ஆனால் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். வாசிப்பில் அதே நிலையிலுள்ள, வயதில் சிறிய, எந்தக் குறையும் இல்லாத பிள்ளையின் கண்ணும் அப்படியேதான் போகிறது. வாசிப்பு முன்னேறினால் கண்ணின் தாவல்களும் சீராகின்றன. தெரியாத ஊரில் விலாசம் தேடுகிறவர் நின்று நின்று, திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் நடப்பார். அவருடைய காலுக்கு எண்ணெய் தேய்த்தால் வீடு கண்டுபிடிக்கப்படுமா?

வேடிக்கை என்னவென்றால், இது கண் நோய் இல்லை என்று உலகத்துக்கு முதலில் சொன்னவர்களில் கண் மருத்துவர்களே முன்னணியில் நிற்கிறார்கள். டிஸ்லெக்ஸியா என்ற வார்த்தையை 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உண்டாக்கிய ருடால்ப் பெர்லின், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் கண் மருத்துவராக இருந்தவர். அவர் பார்த்தது, மூளையில் சேதம் உண்டாகி வாசிப்பை இழந்த பெரியவர்களை. அதே காலத்தில், 1887-ல், பாரிஸில் ஓய்வுபெற்ற ஒரு துணி வியாபாரிக்கு ஒருநாள் திடீரென்று வாசிக்க முடியாமற் போயிற்று. பேசுகிறார், புரிந்துகொள்ளுகிறார், ஆட்களை அடையாளம் காண்கிறார். கடிதம்கூட எழுதுகிறார். ஆனால் தாம் எழுதினதைத் தாமே வாசிக்க முடியவில்லை. ஏ என்ற ஆங்கில எழுத்தைக் காட்டினால், ஓவியர் படம் மாட்டும் சட்டத்தைப்போல இருக்கிறது என்று அதன் வடிவத்தைச் சொல்லுவார். எழுத்தின் பெயர் வராது. விரலால் அந்த எழுத்தின்மேல் வரைந்து பார்த்தால் பெயர் வந்துவிடும்! லாண்டோல்ட் என்ற கண் மருத்துவர் அவரை நரம்பியல் மருத்துவர் டெஜெரினிடம் அனுப்பினார். அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது, இடதுபக்கப் பின்மூளையில் சேதம் இருந்தது. கண் கொண்டுவந்த செய்தி மொழிப் பகுதிக்குப் போகும் பாதை அறுந்திருந்தது. டெஜெரின் இதை 1892-ல் வெளியிட்டார்.

இது பெரியவருக்கு இடையில் வந்த இழப்பு. பிறவியிலிருந்தே இப்படி இருக்கக்கூடுமா? இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் சீபோர்ட் என்ற ஊர். அங்கே பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைக் குறித்து எழுதினார். பையன் புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பு, பார்வை நன்றாக இருக்கிறது. பெரிய பெரிய எண்களைத் தடையில்லாமல் வாசிக்கிறான். ஏழு வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தும் சிறிய சொற்களைக்கூட வாசிக்கத் திணறுகிறான். தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவதாக வருவான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அந்த வரியை வாசித்தபோது எங்கள் நான்காம் வகுப்புப் பையனும் அவன் எண்ணிக் கொடுக்கும் சில்லறையும் கண்முன் வந்தன. கிளாஸ்கோ நகரத்துக் கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பல வருஷங்கள் கவனித்து 1917-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனாலும் கண்ணின்மேலுள்ள சந்தேகம் போகவில்லை. இவர்களுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்று இன்றும் பலர் சொல்லுகிறார்கள். 1925-ல் அமெரிக்காவின் ஆர்ட்டன் என்ற மருத்துவர், மூளையின் இரண்டு பக்கமும் எழுத்தின் பிம்பத்தில் போட்டி போடுவதால்தான் 'பி'யும் 'டி'யும் மாறுகின்றன என்று கருதினார். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் எல்லாருமே அப்படி மாற்றுவதுண்டு என்பது பிறகு தெரிந்தது. 1970-களில் வெல்லுட்டினோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் நேர்த்தியான ஒரு சோதனை செய்தார். எபிரெயு மொழியே தெரியாத பிள்ளைகளுக்கு எபிரெயுச் சொற்களைக் காட்டி, மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொன்னார். வாசிப்பில் திணறுகிற பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகவே வரைந்தார்கள். கண்ணோ, வடிவத்தைப் பிடிக்கும் திறமையோ பழுதாயிருந்தால் அங்கேயும் தோற்றிருக்க வேண்டுமே.

இறையியல் கல்லூரியில் எபிரெயு எழுத்துகளோடு மல்லுக்கட்டினவர்கள் நாங்கள். தாலெத்தையும் ரேஷையும் மாற்றி வாசித்து ஆசிரியரிடம் வாங்கின வசவு கொஞ்சமல்ல. எங்களை யாரும் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை!

அப்படியானால் தடை எங்கே? எழுத்தையும் ஒலியையும் இணைக்கிற இடத்தில். 'மலை' என்ற சொல்லில் 'ம்' என்ற ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? 'அலை' என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் சிறிய வேலைதான் மலையாக நிற்கிறது. காது கேட்கிறது, சொல்லின் பொருளும் தெரிகிறது. ஆனால் பேச்சின் ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு வடிவத்தோடு முடிச்சுப் போட்டு, நினைத்த மாத்திரத்தில் எடுப்பது கஷ்டமாயிருக்கிறது. தமிழில் 247 எழுத்துகள் என்று நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். 'கெ' என்று எழுதுகையில் எகரத்தின் கொம்பு முன்னே நிற்கிறது, ககரம் பின்னே வருகிறது; ஒலிப்பதோ ககரத்தை முந்தி. நமக்குப் பழகிப்போனதால் இதன் பாரம் தெரிவதில்லை. என்றாலும் எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு ஒழுங்கான உறவுள்ள மொழிகளில் பிழை குறைவாகவும் தாமதம் அதிகமாகவும் தெரியும். ஆங்கிலத்தைப் போன்ற மொழியில் பிழையே பெருகும். 2001-ல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டவரை ஒப்பிட்டார்கள். இத்தாலியர் சரியாக வாசித்தாலும், மூன்று நாட்டு டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கும் இடது மூளையில் ஒரே பகுதியில் செயல் குறைவாயிருந்தது.

அந்த இடது மூளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடதுபுறம் பின்மூளையின் அடிப்பக்கத்தில், எழுத்துச் சொற்களை ஒரே பார்வையில் அடையாளம் காணும் ஒரு பகுதி உண்டு. ஸ்தனிஸ்லாஸ் டெஹேன், லோரன் கோஹென் என்ற பிரெஞ்சு அறிஞர்களும் அவர்களோடு உழைத்தவர்களும் 2000-ம் ஆண்டில் அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார்கள். பிறக்கும்போது அங்கே எழுத்து ஒன்றும் இல்லை. வாசிக்கக் கற்கும்போதுதான் அந்த இடம் எழுத்துக்காகப் பண்படுகிறது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் வளர்ந்த பிறகு எழுத்தறிவு பெற்றவர்களிடத்திலும் அந்த மாற்றம் காணப்பட்டதாக 2010-ல் அறிவித்தார்கள். முதியோர் கல்வியில் உழைத்த நம் சபை மக்களுக்கு இது சந்தோஷமான சேதி. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு இந்தப் பகுதியும், அதற்கு மேலே ஒலியையும் எழுத்தையும் சேர்க்கும் பகுதியும் மந்தமாகவே வேலை செய்கின்றன. இது குடும்ப வழியில் வருவது. எங்கள் பையனின் தகப்பனாரும் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை என்று பிறகு தெரிந்தது. மகனை அடித்தவருக்குள் ஒரு சிறு பையன் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருந்தான் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. அசைவைக் கண்டுபிடிக்கும் பார்வை வழி இந்தப் பிள்ளைகளுக்குச் சற்றே பலவீனமாக இருக்கிறது என்று ஆக்ஸ்போர்டின் ஜான் ஸ்டைன் போன்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2013-ல் வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார், அதே வாசிப்பு நிலையிலுள்ள சிறிய பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துபோவதைக் கண்டார்கள். அதோடு, ஒலி அடிப்படையில் வாசிக்கப் பயிற்சி கொடுத்தபின் அந்தப் பார்வைப் பகுதியின் செயலும் கூடியது. பார்வையின் பலவீனம் வாசிப்பைக் கெடுக்கவில்லை. வாசிக்காததினால்தான் அந்தப் பகுதி பலப்படாமல் இருந்தது என்பது அவர்கள் முடிவு. 2015-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 5,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்ததில், வாசிப்பில் கடுமையாகத் திணறிய பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு எல்லாக் கண் சோதனைகளும் சரியாயிருந்தன.

இப்போது வர்ணக் கண்ணாடிக்கு வருகிறோம். 1980-களில் கலிபோர்னியாவில் ஹெலன் இர்லன் என்ற அம்மையார் பரப்பிய முறை இது. நல்ல எண்ணத்தோடு பலர் வாங்கிக் கொடுக்கிறார்கள். சில பிள்ளைகள் பக்கம் கண்ணுக்கு இதமாயிருக்கிறது என்றும் சொல்லுகிறார்கள். அதை நாங்கள் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 2009-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், வர்ணக் கண்ணாடியோ கண் பயிற்சியோ டிஸ்லெக்ஸியாவைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியிருக்கிறார்கள். எங்கள் பயம் பணத்தைப் பற்றி மாத்திரம் அல்ல. கண்ணாடி வந்தாயிற்று, இனி வாசிப்பான் என்று வீட்டார் காத்திருப்பார்கள். ஒரு வருஷம் போகும். பிறகு கண்ணாடி போட்டும் வாசிக்காத பிள்ளை என்று பெயர் வரும். அந்த ஒரு வருஷத்தை யார் திருப்பித் தருவது?

இதனால் கண் சோதனை வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தூரப்பார்வைக் குறை, மாறுகண், கிட்டத்தில் பார்க்கும்போது தலைவலி, எழுத்து மங்குவது இவையெல்லாம் உள்ள பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடி கட்டாயம் தேவை, கொடுக்கிறோம். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கும் பார்வைக் குறை சேர்ந்து இருக்கலாம். காதையும் சோதிக்கிறோம். சளிக் காதோடு ஒலியைக் கற்றுக்கொள்வது எப்படி?

பலன் தருவது பாடம்தான். ஒலியைப் பிரிக்கவும் சேர்க்கவும் பழக்கி, ஒவ்வோர் எழுத்தாக, ஒழுங்காக, தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது. மணலில் விரலால் எழுதவைப்பதும் உண்டு. பாரிஸ் வியாபாரியின் விரல் ஞாபகம் வருகிறது அல்லவா? 2004-ல் ஷேவிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவ அம்மையாரும் அவர் குழுவினரும், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பயிற்சி கொடுத்து, வாசிப்பும் கூடினதையும், இடது பின்மூளையின் அந்தப் பகுதிகள் முன்னிலும் அதிகமாகச் செயல்பட்டதையும் காட்டினார்கள். இதற்கு மருந்தும் கருவியும் வேண்டாம், பொறுமையுள்ள ஓர் ஆசிரியை வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு நாங்கள் செய்ததும் அதுவே. பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையைப் பகுதி நேரமாக நியமித்திருக்கிறோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினோம், "எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார், அவரையும் அனுப்பலாமா?" என்று பதில் வந்தது. அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன், மாலை ஜெபத்தில் ஒரு நோயாளியின் மகனை எழுப்பி, குறித்த சங்கீதத்தை வாசிக்கச் சொன்னோம். அவன் வேதப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, தனக்கு மனப்பாடமாயிருந்த வேறொரு சங்கீதத்தைத் தவறில்லாமல் சொன்னான். சிலர் சிரித்தார்கள். நாங்களோ, ஏமாற்றாமல் வாசி என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தோம். அவன் புத்தகத்தை மூடி பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனான். திரும்பிச் சிற்றாலயத்துக்கு வரவில்லை. அவனுக்கு என்ன குறை என்று இன்று ஊகிக்கிறோம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இப்போது யாரையும் முன்னறிவிப்பில்லாமல் வாசிக்க அழைப்பதில்லை. முந்தின நாளே பகுதியைக் கொடுத்துவிடுகிறோம். போதகர்களும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் இதைத் தயவாய் யோசிக்க வேண்டுகிறோம்.

நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இருக்கலாம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு முறையான சான்றிதழ் வேண்டும். அதற்கான வழியை எங்கள் சமூகப்பணிப் பிரிவில் சொல்லுவார்கள்.

கம்மலை அடகு வைத்த அந்தத் தாயின் மகன் இப்போது ஆறாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். எழுத்துப் பிழையும் நிற்கவில்லை. தகப்பனார் ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாடம் நடந்த ஒரு மணி நேரமும் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆசிரியை அவரையும் சேர்த்து 'மலை', 'அலை' சொல்லவைத்தார்களாம்.

செவ்வாய், வெள்ளி மாலை 4 மணிக்கு, கண் பிரிவுக்கு எதிரேயுள்ள அறையில் வகுப்பு நடக்கிறது. பிள்ளையை அழைத்து வருகிறவர்கள் முதலில் கண்ணும் காதும் சோதித்துக்கொள்ளட்டும். பழைய கண்ணாடி இருந்தால் அதையும், பள்ளி நோட்டுப் புத்தகங்களையும் கூடவே கொண்டுவரட்டும். சிவப்பு மையில் திருத்தின நோட்டுகளாக இருந்தாலும் ஒளித்துவைக்க வேண்டாம். ஆசிரியை முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.